செட்டிநாட்டுக் கண்மாய்க்கரைகளில் கிராவல் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்ட ஆள் நிறைய உண்டு. அந்த வீடுகளுக்கு வெளியே, ஊருக்கும் ஊருக்கும் நடுவில் கிடக்கிற செம்மண் பாதைகளையும் கண்மாய்க்கரைகளையும் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு. சென்னை, திருச்சி, கோவையிலிருந்து சைக்கிளோடு வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வெளிநாட்டில் கிராவல் (சரளை, மண் பாதைகளில் சைக்கிள்) ஓட்டுபவர்கள் பள்ளத்தாக்கு, கால்வாய்க்கரைப் பாதை என்று சொல்கிறார்கள். செட்டிநாட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

பள்ளத்தாக்கு கிடையாது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் போன்ற இடங்களில் பாறைக்குன்றுகள் தனித்தனியாக நிற்கும். மேற்கே சிங்கம்புணரி தாண்டிப் போனால் பிரான்மலை. மற்றபடி பூமி மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாக, கண்ணுக்கே தெரியாத அளவில் சரிந்து கடலை நோக்கிப் போகிறது.

கால்வாய்க்கரை விஷயம் கொஞ்சம் வேறு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்தப் பாதைகள் சரக்குப் படகுகளைக் குதிரையோ கோவேறு கழுதையோ கட்டி இழுப்பதற்காகப் போடப்பட்டவை. படகுப் போக்குவரத்து நின்றுபோன பிறகு அவை சைக்கிளுக்கு வந்தன. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாந்து வரை போகும் செசபீக் - ஓஹையோ கால்வாய்ப் பாதை மட்டும் 184.5 மைல், அதாவது 297 கிலோமீட்டர். நம் ஊரில் தண்ணீரைத் தேக்கியது படகுக்காக அல்ல, வயலுக்காக. அதனால் இங்கே நீளமான ஒரே கால்வாய்க்குப் பதிலாகக் கண்மாய்கள் வரிசையாக இருக்கின்றன. மேலே இருக்கும் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக உபரிநீர் இறங்கி, வரத்துக்காலில் ஓடி, கீழே இருக்கும் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அடுத்தது. இப்படியே கண்மாய் கண்மாயாக இறங்கி, ஆற்றில் கலந்து, பாக் நீரிணை வரைக்கும் போகிறது.

செட்டிநாட்டில் சைக்கிளுக்கு வழி தேடுபவர் பிடிக்க வேண்டியது இந்த ஓட்டத்தைத்தான். தண்ணீர் எந்தக் கண்மாயிலிருந்து எதற்கு இறங்குகிறது என்று தெரிந்துகொண்டால், கரையும் வாய்க்கால் ஓரமும் வண்டிப்பாதையும் சேர்ந்து தானாக ஒரு வழி கிடைத்துவிடும். தார்ச்சாலையை அங்கங்கே குறுக்கே கடந்தால் போதும்.

என்ன சைக்கிள் வேண்டும்? கிராவல் சைக்கிளே வாங்கியாக வேண்டுமா?

வேண்டியதில்லை. 38 மி.மீ.க்குக் குறையாத டயர் போட முடிகிற எந்த சைக்கிளும் ஓடும். உயரமான மலையேற்றம் இல்லாததால் சஸ்பென்ஷனும் தேவைப்படாது. முன்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதையே கொண்டு வாருங்கள். கியர் ஒன்றிரண்டு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, பிரேக் மட்டும் நன்றாகப் பிடிக்க வேண்டும்.

இந்தப் பக்கம் பால் ஊற்றுகிறவரும் வயலுக்குப் போகிறவரும் ஓட்டுகிற பழைய கறுப்பு சைக்கிளைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் 28 × 1½ அங்குல டயர் ஏறத்தாழ 40 மி.மீ. அகலம். இன்றைக்குக் கடைகளில் கிராவல் டயர் என்று விற்கிற அகலமும் அதுதான். சரளைப் பாதையில் பால் கேனோடும் வைக்கோல் கட்டோடும் அந்த சைக்கிள் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. புது சைக்கிளில் வருகிறவர்கள் அந்தப் பெரியவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்று நினைப்பவன் நான். பாதை முதலில் அவர்களுடையது.

பஞ்சர் அதிகம் ஆகுமா?

ஆகும். இந்தக் கேள்விக்கான பதிலை மட்டும் நிதானமாகப் படியுங்கள், மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும்.

சீமைக்கருவேலம் இல்லாத கரை சிவகங்கை மாவட்டத்தில் அபூர்வம். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அதை வெட்டுகிறபோது கிளைகளைக் கரை மேலேயே போட்டு இழுப்பார்கள். கிளை போய்விடும், முள் தங்கிவிடும். காய்ந்த முள் செம்மண்ணோடு சேர்ந்து நிறம் மங்கிக் கிடப்பதால் கண்ணுக்கும் தெரியாது. கருவேலம் இல்லாத இடத்தில் நெருஞ்சி இருக்கும்.

முடிந்தால் டியூப்லெஸ் டயரில், நிறைய சீலன்ட் (துளையைத் தானாக அடைக்கும் திரவம்) ஊற்றி வாருங்கள். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து நிரப்ப வேண்டும். முள் குத்தி, மேலே சின்ன நுனி மட்டும் தெரிந்து, காற்றும் இறங்காமல் இருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். சீலன்ட் அதைச் சுற்றி அடைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். பெரிய முள் என்றால் பிடுங்கிவிட்டு, துளை அடிப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

டியூப் போட்ட டயர் என்றால் இரண்டு டியூபும் ஒட்டுப் பொருட்களும் கையில் வேண்டும். புது டியூபை உள்ளே விடுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கருவேல முள் வெளியே ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும். விரலுக்குத் தட்டுப்படாதது துணியில் மாட்டும். அதை எடுக்காமல் டியூபை மாற்றினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடியும் உட்கார வேண்டியதுதான்.

காற்றழுத்தம்: 70 கிலோ எடையுள்ளவருக்கு 40 மி.மீ. டியூப்லெஸ் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ போதும். டியூப் என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாதை எப்படி இருக்கும்?

பெரும்பாலும் கெட்டிச் செம்மண், மேலே சரளை. செம்புறாங்கல் பூமி என்பதால் காய்ந்திருக்கும்போது சிமெண்ட் தரை மாதிரி இறுகிவிடும், ஓட்ட அருமையாக இருக்கும். தொந்தரவு தருவது மேலே தளர்வாகக் கிடக்கும் உருண்டைச் சரளை. வளைவில் வேகமாகத் திரும்பினால் பால்ரஸ் குண்டுகளைக் கொட்டி அதன் மேல் ஓட்டுவது போல டயர் நழுவும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். வாய்க்கால் ஓரத்தில் மணல் திட்டுகளும் வரும். அங்கே ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், லேசான கியரில் மிதித்துக்கொண்டே போனால் கடந்துவிடலாம்.

எந்த மாதம் வரலாம்?

மாசி மாதம் என்பது என் பதில். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. கண்மாயில் தண்ணீர் இன்னும் நிற்கும், கரை காய்ந்திருக்கும், விடியற்காலையில் குளிர்ச்சியும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது செம்மண் குழைந்து டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அப்பிக்கொள்ளும், சக்கரமே சுற்றாது. அதைவிட முக்கியம், ஈரக்கரையில் ஓட்டினால் கரை கெடும். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

தை மாதம் அழகுதான், ஆனால் பாதையில் ஆட்கள் அதிகம். அறுவடை நடக்கும், சாலையிலேயே நெல்லும் வைக்கோலும் காயும். தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் காவடியும் பாதயாத்திரைக் கூட்டமும் குன்றக்குடி, திருப்பத்தூர் வழியாகத்தான் போகும். சிறாவயல் மஞ்சுவிரட்டும் இந்த மாதத்தில்தான். மஞ்சுவிரட்டு நாளில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சைக்கிளை எடுக்காதீர்கள். அவிழ்த்துவிட்ட மாடு பொட்டல் முழுக்க ஓடும், கரைமேலும் ஏறும்.

பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றிவிடும். உள்வாயில் இறங்கி ஓட்ட ஆசையாக இருக்கும். வண்டல் வெடித்துப் பிளந்திருக்கும், அந்த வெடிப்பில் சக்கரம் இறங்கினால் ஆளைத் தூக்கிப்போடும். ஆடு மாடு நடந்து தேய்ந்த தடத்தை விட்டு விலகாதீர்கள். இந்தச் சமயத்தில் ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியுமுன்னே சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் ஊத்தா, கச்சா, வலையோடு கரையில் கூடியிருப்பார்கள். அன்றைக்கு சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு நின்று பாருங்கள். ஓட்டுவதைவிட அது நல்ல காலை.

கத்திரி வெயிலில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

கண்மாய்க்கரையில் சைக்கிள் ஓட்டலாமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள பெரிய கண்மாய்கள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கும். சிறியவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. பெரிய கண்மாய்க்கரை அகலமாக, டிராக்டர் போகிற அளவுக்கு இருக்கும். ஊர்க்காரர்கள் வண்டியிலும் நடந்தும் போகிற கரையில் நீங்கள் சைக்கிளில் போவதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் கரை என்பது பாதையாகக் கட்டப்பட்டதல்ல. அது தண்ணீரைத் தாங்கி நிற்கும் மண். பாதை என்பது அதற்கு வந்து சேர்ந்த வேலை.

ஈரமான கரையில் சைக்கிள் போனால் நடுவில் ஒரு கோடு விழும். அடுத்த மழையில் அந்தக் கோட்டில் தண்ணீர் ஓடும். ஓடுகிற தண்ணீர் அதைப் பள்ளமாக்கி, எங்கே தாழ்வோ அங்கே சரிவை அறுத்துக்கொண்டு இறங்கும். பலவீனமான அந்த இடத்தில்தான் கண்மாய் நிறைந்த இரவில் உடைப்பெடுக்கும். ஒரு சைக்கிளால் கரை உடையாது, வாஸ்தவம். இருபது பேர் ஒரே தடத்தில் போனால், அதுவும் சரிவில் ஏறி இறங்கி விளையாடினால், ஊர் அதற்கு விலை கொடுக்க நேரலாம். ஆகவே விரலால் அழுத்திப் பாருங்கள். மண் அமுங்கினால் கரைக்குக் கீழே உள்ள வண்டிப்பாதையில் போங்கள். குடிமராமத்துப் பணியில் புது மண் போட்டு உயர்த்திய கரை ஒரு மழைக்காலம் கண்டு இறுகும்வரை அதன்மேல் ஏற வேண்டாம். உள்பக்கச் சரிவில் அடுக்கியிருக்கும் அலைகற்களை எக்காரணம் கொண்டும் பெயர்க்கக் கூடாது.

மடைப்பக்கம் ஆள் இருந்தால் இறங்கி ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, இந்தக் கரை அடுத்த ஊரு வரைக்கும் போகுதாண்ணே?" என்றால் போதும். வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியாக இருந்தால் எந்த இடத்தில் கரை இளகியிருக்கிறது என்பது வரை சொல்லிவிடுவார். வயதான அம்மா என்றால் ஆத்தா, செட்டியார் வீட்டுப் பெண்மணி என்றால் ஆச்சி.

கலுங்கு வந்தால் எப்படிக் கடப்பது?

இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி. பழைய கலுங்குகளில் கருங்கல் தளமும், அதன்மேல் இடுப்பளவு குத்துக்கற்களும் வரிசையாக நிற்கும். தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்க வேண்டுமென்றால் அந்தக் கற்களுக்கு நடுவில் பலகையும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். கற்களின் இடைவெளியில் ஹேண்டில்பார் நுழையாது. தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் தளம் முழுக்கப் பாசி பிடித்திருக்கும், கிளீட் (பெடலில் மாட்டும் கட்டை) வைத்த ஷூவில் கால் வைத்தால் வழுக்கும். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடினால் கடக்காதீர்கள். திரும்பி, கரைக்குக் கீழே இறங்கி, ஊர் வழியாகச் சுற்றிப் போவதே சரி.

சரி, எந்தெந்த வழியில் போகலாம்?

முதல் முறை வருபவர்களுக்குக் காரைக்குடி - மாத்தூர் - இலுப்பைக்குடி - குன்றக்குடி - பிள்ளையார்பட்டி. அரை நாள் போதும். மாத்தூரும் இலுப்பைக்குடியும் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் இரண்டு. இரண்டு ஊரும் பக்கத்தில் பக்கத்தில். குன்றக்குடி மலை தூரத்திலிருந்தே தெரிவதால் வழி தவறினாலும் திசை தவறாது. அங்கிருந்து பிள்ளையார்பட்டி கூப்பிடு தூரம்தான். குடைவரைக்குள் இருக்கும் கற்பகவிநாயகரைப் பார்க்க வேண்டுமென்றால் மாற்று உடையும் சைக்கிள் பூட்டும் கொண்டு போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கானாடுகாத்தானிலிருந்து கடியாபட்டி வழியாகத் திருமயம் போவது. கானாடுகாத்தான் தெருக்கள் நேர்நேராக, அகலமாக வெட்டப்பட்டவை. மாளிகை வாசல்களுக்கு முன்னால் மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஊர் எல்லையைத் தாண்டியதும் சரளை ஆரம்பிக்கும். வழியில் ஊருணிகள், பனை வரிசைகள், தைல மரக் காடுகள். திருமயம் கோட்டை 1687-ல் சேதுபதி கட்டியது என்பார்கள். கோட்டைக் குன்றின் அடிவாரத்திலேயே சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். மேலே ஏறி நின்றால், நீங்கள் எந்தெந்தக் கண்மாயைக் கடந்து வந்தீர்கள் என்பது மொத்தமும் கண்ணுக்குத் தெரியும். கண்மாய் வரிசை என்று முதல் பதிலில் சொன்னேனே, அது புரிய இதைவிட நல்ல இடம் இல்லை. இதே பக்கம் ஆத்தங்குடிக்கும் ஒரு சுற்றுப் போகலாம். கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் ஊற்றிக் கையாலேயே டைல்ஸ் வார்ப்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

பறவை பார்க்க விருப்பமிருந்தால் திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் திசையில் வேட்டங்குடி. அங்குள்ள கண்மாய்கள் 1977-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. மழைக்குப் பிறகு நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் வந்து கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. அப்படிப்பட்ட ஊரின் கரையில் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போங்கள். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டவே வேண்டாம்.

உண்மையான கால்வாய்க்கரைதான் வேண்டும் என்பவர்கள் செட்டிநாட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே, அறந்தாங்கி பக்கம் போக வேண்டும். மேட்டூர்த் திட்டத்தோடு 1930களில் வெட்டிய கல்லணைக் கால்வாய் கல்லணையிலிருந்து தஞ்சாவூர் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடிப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடைமடையில் முடிகிறது. அங்கே கரை நேராக, நெடுகப் போகும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். தண்ணீர் ஓடும் காலத்தில் கான்கிரீட் சரிவுப் பக்கம் போகாதீர்கள். விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது.

கூகுள் வரைபடத்தை நம்பலாமா?

தார்ச்சாலைக்கு நம்பலாம். கரைக்கு செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். கரை என்பது வில் போல வளைந்து, ஒரு பக்கம் மரங்களும் மறுபக்கம் வயல் கட்டங்களுமாகத் தெரியும். வெவ்வேறு மாதத்துப் படங்களை ஒப்பிட்டால் எந்த வரத்துக்காலில் தண்ணீர் ஓடும் என்பதும் தெரிந்துவிடும். வழியை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், நடுவில் சிக்னல் போகும்.

தண்ணீர், சாப்பாடு?

ஆளுக்கு இரண்டு லிட்டராவது தூக்கிக்கொள்ளுங்கள். ஊர் டீக்கடையில் கேட்டால் நிரப்பிக் கொடுப்பார்கள். ஊருணியில் முகம் கழுவுவதற்கோ சைக்கிளைக் கழுவுவதற்கோ இறங்காதீர்கள். பல ஊர்களில் அது குடிநீர். காலையில் காரைக்குடியில் இட்லியும் வெள்ளைப் பணியாரமும் சாப்பிட்டுக் கிளம்பினால் மதியம் வரை தாங்கும். கோடையில் சாலையோரத்தில் நுங்கும் பதநீரும் கிடைக்கும்.

பெண்கள் தனியாக ஓட்டலாமா?

ஓட்டலாம், ஓட்டுகிறார்கள். திருமயம், கடியாபட்டி, ராயவரம், அரிமளம் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்குவிக்க, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் அது. விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். அந்தத் தலைமுறை அம்மாக்கள் இன்றைக்கும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். சைக்கிளில் வரும் பெண்ணை நிறுத்தி, எந்த ஊர், சாப்பிட்டியா என்று கேட்பவர்களும் அவர்கள்தான். எல்லோருக்கும் சொல்லும் எச்சரிக்கையே உங்களுக்கும்: இருட்டுவதற்குள் தார்ச்சாலைக்கு வந்துவிடுங்கள், போகும் வழியை ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பாம்பு, நாய், ஆடு மாடு?

கரைப் புல்லில் கண்ணாடி விரியன் இருக்கும். அதிகாலையிலும் அந்தியிலும் புல்லுக்குள் கால் வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம். ஆளை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். கிடை ஆடுகள் பாதையை அடைத்துக்கொண்டு வந்தால் மணி அடிக்காதீர்கள். ஓரமாக நின்றுவிடுங்கள். மந்தை மிரண்டு சிதறினால் மேய்க்கிறவருக்கு அரை நாள் வேலை. கைப்பிடிச்சுவர் இல்லாத தரைக்கிணறுகள் வயல் நடுவில் புதர் மறைவில் இருக்கும். இவற்றுக்காகவே சொல்கிறேன், தெரியாத இடத்தில் தடம் இல்லாத புல்வெளியில் குறுக்கே ஓட்ட வேண்டாம்.

அய்யனார் கோயில்கள் கரைமேலேயே இருக்கின்றனவே?

கரைக்குக் காவல் அவர். அதனால் அங்கே இருக்கிறார். மண்குதிரைகள் நிற்கும் இடம் வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். உள்ளே போனால் ஷூவைக் கழற்றுங்கள். குதிரைமேல் சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுப்பது கூடாது. அவை புரவியெடுப்பில் ஊரே சுமந்துவந்து வைத்த நேர்ச்சை.

செட்டிநாட்டில் பழைய விமான ஓடுதளம் இருக்கிறதாமே, அங்கே ஓட்டலாமா?

இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் இருப்பது உண்மை. அது அரசு நிலம், கால்நடைப் பண்ணையை ஒட்டியது. அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

பெரிய குழுவாக வரலாமா, போட்டி நடத்தலாமா?

ஆறு பேருக்கு மேல் ஒரே கரையில் வேண்டாம் என்பது என் கருத்து. கிராவல் இன்று உலகப் போட்டியாகிவிட்டது, 2022-ல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன்ஷிப்பே நடந்தது. அவர்கள் ஓட்டுவது அதற்காக மூடி ஒதுக்கிய பாதையில். இங்கே கரையின் மறுமுனையில் புல்லுக்கட்டோடு ஒரு அக்கா வந்துகொண்டிருப்பார். வேகம் பார்க்க வேண்டுமென்றால் தார்ச்சாலையை வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளோடு எப்படி வந்து சேர்வது?

சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரை வருகிறது. ராமேசுவரம் போகும் ரயில்களும் நின்று போகும். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்றலாம். கிளம்புவதற்கு வெகுமுன்பே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, கியர் மாற்றும் டீரெய்லர் (derailleur) இருக்கும் பக்கத்துக்கு அட்டை கட்டிவிடுவது நல்லது. டீரெய்லர் வளைந்துவிட்டால் அதைச் சரிசெய்யும் பாகம் இங்கே உடனே கிடைக்காது, அதைத் தாங்கும் ஹேங்கர் ஒன்றை உபரியாகப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண டியூப், டயர், செயின், பிரேக் கட்டை எல்லாம் காரைக்குடி சைக்கிள் கடைகளில் கிடைக்கும். டியூப்லெஸ் வால்வும் சீலன்டும் மட்டும் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள்.